பச்சைக் கட்டத்தில் அம்மாவின் பெயர்

என் தங்கமான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகம்தானே, அவளுக்கு இரண்டாவது பல் வந்துவிட்டதா, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயது, பொத்தான் கித்தான் கீழே கிடக்காமல் பார்த்துக்கொள். போன் இருக்க இதென்ன காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் என்றால் குட்டி அழுகிறாள் என்று பாதியில் வைத்துவிடுவாய். மெயில் என்று எனக்கு இருப்பது நம் தொண்டு அமைப்பின் ஆபீஸ் மெயில் ஒன்றுதான், அதிலிருந்து எது அனுப்பினாலும் ஸ்டோர் பொறுப்பாளருக்கு ஒரு பிரதி போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அந்தப் பொறுப்பாளர் இன்னும் உன் அம்மாதான். அவள் இறந்து, அப்போது உன் வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பல் முளைக்கிற காலம் ஆகியும் யாரும் அதை மாற்றவில்லை. இந்த விஷயம் அவள் மெயில் பெட்டிக்குப் போக வேண்டாம் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன், சிரிக்காதே.

நம் அமைப்பின் வேலை உனக்குத் தெரியும், படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்குச் சக்கர நாற்காலி, கட்டில், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் இலவசமாகக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப வாங்கிக் கழுவி அடுத்த வீட்டுக்கு அனுப்புவது. யார் வீட்டில் எது இருக்கிறது என்ற விவரம் முழுக்க ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது, கூரை ஒழுகி அது ஒருநாள் செத்தே போனது, இரண்டு ஆக்சிஜன் மெஷின் எங்கே என்று தெரியாமல் நாங்கள் தெருத்தெருவாக அலைந்தோம். அதன் பிறகுதான் நீ போனிலேயே பிடிவாதம் பிடித்து எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற வைத்தாய், அம்மாவுக்குக் கணக்குத் திறந்து கடவுச்சொல்லும் நீயே வைத்துக் கொடுத்தாய். எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை. போன வாரம் எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள், நடத்த வந்த அம்மையார் பொறுமைசாலி, பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்த என்னைப் போன்றவனுக்கும் புரிகிற மாதிரிச் சொன்னார். நம் காகிதங்கள் நம் அலமாரியில் இல்லையாம், எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் அடுத்தவர் மெஷினில் வாடகைக்கு இருக்கின்றனவாம், தொண்டு அமைப்பு என்பதால் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்கள்வரை வாடகையும் கிடையாதாம். நம் கம்ப்யூட்டர் செத்தாலும் அவை சாகாது. எந்த ஊரில் இருந்தும் ஒரே அட்டவணையைப் பல பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம், திறந்தவர் பெயர் மேலே வரும், அவர் எந்த வரியில் இருக்கிறாரோ அங்கே ஒரு வண்ணக் கட்டம் நிற்கும். அம்மாவுக்குப் பச்சை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பிரசவம் முடிந்து வீடு திரும்பிய சமயம், ஒருநாள் காலை ஆபீஸைத் திறந்து கூட்டிவிட்டு அட்டவணையைப் போட்டேன். மேலே அம்மா பெயர். கீழே பச்சைக் கட்டம், அந்தச் சாம்பல் நிறச் சக்கர நாற்காலியின் வரியில். கடைசி நாட்களில் அவளே உட்கார்ந்திருந்த நாற்காலி அது, பிறகு நான்தான் கழுவித் துடைத்துப் பக்கவாதம் வந்த ஒரு வாத்தியார் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கட்டம் அசையவில்லை, ஒன்றும் எழுதவில்லை, சும்மா நின்றது, கொஞ்ச நேரத்தில் மறைந்தது. மறுநாளும் வந்தது. நம் அமைப்பின் செயலாளரிடம் ஜாடையாகக் கேட்டேன், மனிதர் முகம் வெளிறிப்போய், நீங்களும் பாத்தீங்களா, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன் என்றார். அதற்குமேல் இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேய் பிசாசு என்று நான் எந்தக் காலத்திலும் நம்பியவன் இல்லை. ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, போகப் போகப் பயம் விட்டுப்போனது. டீயை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டத்துக்கு எதிரில் உட்காருவேன், முந்தின நாள் என்ன செய்தேன் என்று வாய்விட்டே சொல்லுவேன். அது வராத நாளில் எனக்கு வேலை ஓடாது.

ஒரே ஒரு தடவைதான் எழுத்து வந்தது. முன் சக்கரம் கத்துது, எண்ணெய் விடுங்க என்று அந்த வரியில் இருந்தது, அவள் என்னை ஏவுகிற அதே தோரணை. எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, இன்னிக்குக் காலையிலதான் கத்த ஆரம்பிச்சுது, நாங்க யார்கிட்டயும் சொல்லலையே என்றார். எண்ணெய் விட்டேன். பாதி எண்ணெய் என் சட்டையில்தான்.

பயிற்சி முடிந்து அந்த அம்மையார் நம் ஆபீஸின் கம்ப்யூட்டர் கணக்குகளைச் சரிபார்க்க வந்தார். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல், அதோடு போனுக்கு வருகிற ரகசிய நம்பரையும் கேட்கும்படி இரண்டாவது பூட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி நம் கையில் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அம்மா பெயரில் வந்து நின்றார். இவங்க யாரு, நேத்துக்கூட உள்ள வந்திருக்காங்களே என்றார். செயலாளர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். விஷயம் தெரிந்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, இறந்தவர் கணக்கைத் திறந்து வைப்பது நோயாளிகள் வீட்டுச் சாவியையெல்லாம் தெருவில் போடுகிற மாதிரி, யார் எந்த நோயோடு தனியாகக் கிடக்கிறார் என்பதுவரை இதில் இருக்கிறது, மூடித்தான் ஆகவேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பிறகு, அந்தக் கணக்கில் எங்கிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவைத் திறந்து காட்டினார். வரிசையாக உன் ஊர். நேரமெல்லாம் இங்கே காலை, அங்கே நீ குட்டியைத் தூங்க வைத்துவிட்டு உட்காருகிற இரவு நேரம்.

கண்ணு, எனக்குக் கோபம் இல்லை. டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்றுவிட்டதால் அம்மா முகத்தைக் கடைசியாக ஒருமுறை நீ பார்க்கவில்லை, வயிற்றில் பிள்ளையோடு அங்கே எப்படி அழுதாயோ. நாம் போனில் பல்லையும் வெயிலையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவள் நாற்காலி யார் வீட்டில் இருக்கிறது என்று பார்க்கத்தான் தினமும் வந்திருக்கிறாய், மேலே என் பெயரும் உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தும் அப்பனும் மகளும் ஒரே தாளில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறோம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் விடச் சொல்லி எழுத்து வந்த நாளில் மட்டும் ஊர்ப் பெயர் இல்லை, அந்த இடம் காலியாக இருந்தது. சில சமயம் அப்படி விட்டுப்போகும் என்றார் அம்மையார். நானும் தலையாட்டினேன். அது நீயா என்று உன்னைக் கேட்கப்போவதில்லை.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கணக்கை மூடுகிறார்கள். பொத்தானை நான்தான் அழுத்துவேன் என்று சொல்லிவிட்டேன். மூடும்போது அவள் கோப்புகளை யாருக்கு மாற்றுவது என்று கேட்குமாம், உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன், உனக்கென்று ஒரு கணக்கும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். சும்மா இல்லை, பொருளைத் திருப்பித் தராதவர்களுக்குப் போன் போட்டுக் கேட்கிற வேலை இனி உன் தலையில். உன் பெயரிலேயே வா, எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து நில், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், குட்டியின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ அப்பாவின் ஆசி என்றைக்கும் உண்டு. மறக்கக்கூடாத ஒன்று: அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அம்மா கணக்கில் நுழையாதே. நான் சீக்கிரமே போய் அட்டவணையைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். பச்சைக் கட்டம் வந்தால், அது நீ இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா