ஒலிப்பதிவில் ஒரு சிரிப்பு

அடலினுக்கு,

ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு முழுநீளப் படம் காட்டுகிறார்களாம். நம் இருபது நிமிஷச் சிரிப்புப் படத்துக்கு இனி எந்தத் தியேட்டரிலும் இடமில்லை. இன்று கடைசிப் படப்பிடிப்பு.

ஊமைப்பட நாளில் கேமராவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாயே, அதை நம்பித்தான் நான் விழுவேன். சினிமா பேச ஆரம்பித்ததும், சத்தம் பதிவாகிவிடும் என்று உன்னை வெளியே அனுப்பினார்கள் பாவிகள்.

இன்று மாவு மூட்டையோடு ஏணியிலிருந்து விழுந்தேன். ஒலிப்பதிவாளன் ஆர்வில் ஹெட்போனைக் கழற்றிக் கத்தினான்.

"எந்தப் பொம்பளைய்யா சிரிச்சது? டேக் போச்சு!"

அங்கே பெண்களே இல்லை.

"இன்னொரு தடவை விழு, பெரிசு" என்றான்.

விழுந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒன்றுமில்லை. ஒரே வேடிக்கைக்கு நீ இரண்டாம் தடவை சிரித்ததே இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை உன் கல்லறைக்கு வருகிறேன். புதுசாக விழுந்து காட்டுகிறேன்.

உன் கோமாளிப் புருஷன்