முகமாடம்

ஜூலை 8, 2024, திங்கள்

இனியும் வாயைப் பூட்டிக்கொண்டிருக்க முடியாது. பதினோரு வருஷம் போதும். பெனடிக்டின் புத்தகம் இன்று கைக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள் தங்கள் மொழியையும் பக்கத்து மொழிகளையும் எப்படிப் பார்த்தார்கள் என்பது பற்றி. நான் முடிக்காமல் விட்ட ஆராய்ச்சி. அவனும் நானும் ஒரே துறையில் வேலை பார்த்தோம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கேட்டான், என் குறிப்பு நோட்டைக் கொடுத்தேன். "ரெண்டு நாள்ல தந்துர்றேண்ணே" என்றான். நன்றியுரையில் அவன் வீட்டு நாய்க்குட்டியின் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை.

ஜூலை 9

விளாங்குடி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். பிரெஞ்சு பேசினால்தான் மதிப்பு என்று நினைத்த ஜெர்மன் பிரபுக்கள். பைபிளின் பாபேல் கோபுரக் காலத்திலிருந்து கலப்பில்லாமல் வந்தது எங்கள் மொழி, பிரெஞ்சும் இத்தாலியனும் லத்தீனின் உடைந்த சில்லுகள் என்று மார்தட்டிய அறிஞர்கள். கூச்சமும் கர்வமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் – இது ஆரப்பாளையம் டீக்கடையில் நான் சொன்ன வரி!

ஜூலை 11

இந்தப் புத்தகத்தைக் கல்லூரிப் பாடமாக வைக்க ஒரு குழு பரிசீலிக்கிறதாம்.

ஜூலை 13, சனி

போன் செய்தேன்.

"என்ன மாப்ள, என் நோட்டு பத்திரமா இருக்கா?"

"எந்த நோட்டுண்ணே? டீக்கடையில பேசுனதுக்கெல்லாம் பட்டா கேப்பீங்களா?"

சிரித்தான். பக்கத்தில் யாரிடமோ, என் ஊர்ப் பெயரை இழுத்து, "கொட்டாம்பட்டி அண்ணன் கோவிச்சுக்கிட்டாரு" என்றதும் கேட்டது.

ஜூலை 14

ஆதாரம் சிக்கிவிட்டது. பக்கம் 112. அயல்சொற்களை விரட்டிய அறிஞர்கள் மூக்கையும் விடாமல் 'முகமாடம்' என்று பெயர் மாற்றினார்களாம். முகமாடம்! முகத்தில் துருத்திய மாடம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லுக்கு நான் கட்டிய தமிழ். வேறு எவனுக்கு வரும்?

ஹெப்சிபாவிடம் காட்டினேன். பள்ளிக்கூடத்து டீச்சர் ஆயிற்றே, என் மனைவி. முதல் கேள்வியே, "நெசமாவே அவங்க வச்ச பேரா இது?"

ஜூலை 16

இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அந்த அறிஞர்களைக் கேலி செய்தவர்கள் கட்டிவிட்ட சொல்லாம் அது. கேலியை வரலாறு என்று நோட்டில் எழுதியவன் நான்தான். ஏன் நம்பினேன்? கருத்தரங்கில் நான் 'இம்புட்டு' என்று சொன்னதற்குச் சிரித்தார்களே சுத்தத் தமிழ்க்காரர்கள், அந்த மாதிரி ஆட்கள் எந்த நாட்டிலும் முட்டாள்களாக இருக்க வேண்டும் என்ற ஆசையா?

"நோட்டும் என்னுது, தப்பும் என்னுதுன்னு எழுதிருங்க. அவரு மாட்டிக்குவாரு" என்றாள்.

"ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்காமயா இருக்கு?"

ஜூலை 18

எழுதினேன். கிழித்தேன். மூன்று தடவை.

ஜூலை 20, சனி

குழுவுக்குக் கடிதம் முடிந்தது. நான்கே வரி. பக்கம் 112-இல் இருப்பது வரலாறு அல்ல, கேலி, சான்று இணைத்திருக்கிறேன். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவன் தலை குனிவான். பாடமும் தள்ளிப்போகும். தப்பு அவனுடையதாகவே இருக்கட்டும். அப்படியென்றால் மிச்சப் பக்கங்களும் அவனுடையவைதான். தெரிகிறது. தெரியாமலா இருக்கும்?

ஹெப்சிபா வாங்கிப் படித்தாள். மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கீழே பெயர் எழுதப் போனேன். முதல் எழுத்தோடு நிறுத்தினேன். வேறு தாளில் மறுபடி நான்கு வரியையும் எழுதினேன், பெயர் இல்லாமல். திங்கட்கிழமை தபாலில் போட்டுவிடுவேன்.