பஸ்ஸுக்காகத் தூக்கிய கை

காமிசவா,
நவம்பர் தொடக்கம்

அன்பு மகள் சிஹாருவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், கனடாக் குளிரில் நீ இருமாமல் இருக்கிறாயா என்பதுதான் இங்கே கவலை. மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது, முள்ளங்கியைப் புகையில் தொங்கவிட்டிருக்கிறேன், பிறகு உப்புத் தவிட்டில் போட்டு ஊறியதும் ஒரு பொட்டலம் வரும், ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிடாதே. அப்பாவின் இடுப்பு அப்படியேதான், சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறார், டாக்டரையும் என்னையும் சேர்த்துத் திட்டுகிறார், ஆகவே தெம்பாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. வெள்ளத்தில் போன ரயில் பாலத்தைத் திரும்பக் கட்டுவதா, ரயிலை விட்டுவிட்டு பஸ் விடுவதா என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ரயிலைக் காப்பாற்ற வந்த அத்தனை பேரும் காரில் வந்திருந்தார்கள், நிறுத்த இடமில்லாமல் ரயில் காப்புக் குழுத் தலைவர் ஒனுமாவே வயலோரம் காரை விட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு வந்தான், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன்தான் மேடையில், நீ குழுவுக்கு அனுப்பியிருந்த கடிதத்தைப் படித்தான். நன்றாகத்தான் எழுதியிருந்தாய் போ. போர்க்காலத்தில் இரும்பு வேண்டுமென்று நம் அகதானி ரயில் பாதையின் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது, போர் முடிந்து திரும்பப் போடும்போது அடிக்கட்டைக்கு மரமில்லை என்றதும் உன் கொள்ளுத்தாத்தா மலைச்சரிவிலிருந்த செஸ்ட்நட் மரங்களை வெட்டிக் கொடுத்தது, உன் அப்பா வேலைக்காலம் முழுவதும் வெயிலிலும் பனியிலும் அதே பாதையைப் பழுது பார்த்தது, எல்லாம் சொல்லி, என் ஊருக்கு நான் ரயிலில்தான் திரும்பி வர வேண்டும் என்று முடித்திருந்தாய். பின்வரிசையில் மூக்கை உறிஞ்சினார்கள், எனக்கும் கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன். அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள், நான் பஸ்ஸுக்குத் தூக்கினேன் கண்ணு.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்ன அக்கா, பொண்ணு அங்கேருந்து அப்படி எழுதுது, பெத்தவ நீங்களே காலை வாரலாமா என்று ஒனுமா மைக்கிலேயே கேட்டுவிட்டான். எனக்குக் காது சூடாகிவிட்டது. தம்பி, வெள்ளம் ஏறக் கூடாதுன்னு மேட்டுல கட்டின ஸ்டேஷன் அது, அந்தப் படியில ஏற முடியாம எங்க வீட்டு மனுஷன் தெருவையே பார்க்காம கிடக்கிறாரு, நீ மட்டும் எத்தனை தடவை அந்த ரயில்ல ஏறின, பாக்கெட்ல இருக்கிற கார் சாவியை எடுத்துக் காட்டு பார்ப்போம் என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு அலைகிற வயசாளிகள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். கடைசியில் பஸ் பக்கம்தான் அதிகம்.

வீட்டுக்கு வரவே பயமாக இருந்தது. அந்தப் பாதையில் இடுப்பை ஒடித்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது? கணப்பு வைத்த தாழ்மேசைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், சொல்லிவிட்டேன். ஊற்றிய டீயைத் தொடவில்லை. பிறகு, பஸ் எங்க நிக்குமாம் என்று கேட்டார். நம்ம தெருமுனைக் கூட்டுறவுக் கடை முன்னாடி, படி கிடையாது, தரையோட தாழ்ந்து நிக்குமாம் என்றேன். அழுதுவிட்டார் சிஹாரு, நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. தண்டவாளத்துக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, மன்னிச்சுக்கோங்க என்றேன். அட நீ ஒருத்தி, தண்டவாளம் வலிக்காம இருக்குமா, ஆனா போன தடவை பொண்ணு தனியா பெட்டியை இழுத்துக்கிட்டு வர்றதை ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, இனிமே நானே போய்க் கூட்டிட்டு வரலாமில்ல என்றார்.

என் மேல் கோபமிருந்தால் நேரில் வந்து காட்டு, வாங்கிக்கொள்கிறேன். பனி உருகியதும் பஸ் ஓடத் தொடங்குமாம். வேளைக்குச் சாப்பிடு, கழுத்தைத் துணியால் மூடிக்கொள், உனக்கு எல்லா நலமும் கூடிவர மலைக்கோயிலில் கைகூப்பிவிட்டு வந்தேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, வருகிற தேதியை எனக்கு எழுதாதே, அப்பா பெயருக்கு எழுது.

உன் அம்மா,
மிட்சுயோ