வாத்துக்குப் பாசிட்டிவ்

அப்பாவுக்கு, சின்னவன் வணக்கத்தோடு எழுதுவது. நான் சுகம்தான். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்!

ஏரியில் வலை விரித்துக் காட்டு வாத்துகளைப் பிடித்து, வாயில் பஞ்சுக்குச்சி விட்டுக் கிருமிச் சோதனைக்கு எச்சில் எடுத்து, திரும்பப் பறக்க விடுவதுதான் இங்கே என் வேலை. போன வாரம் ஒரு கூத்து. ஆய்வுக்கூடத்து அக்கா எட்டிப் பார்த்து, "கொரோனா பாசிட்டிவ்!" என்றார். நான் சாமான் அறைக்குள் ஓடிப்போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். நம் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் அதுதானே பழக்கம்!

அக்கா கதவைத் தட்டிச் சிரித்தார். "பாசிட்டிவ் வாத்துக்குப்பா, உனக்கில்ல! இது பறவைங்ககிட்ட இருக்கற வேற வகை. மனுஷங்களுக்கு வந்ததா இதுவரைக்கும் தெரியல. வெளிய வா!"

அதனால் பயப்படாதீர்கள்.

எச்சில் எடுத்தபோது அந்த வாத்தை மடியில் வைத்திருந்தது நான்தான். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. விட்டதும் ஒரு குறையும் இல்லாமல் பறந்துபோனது. அதே பெயருள்ள நோயில் அம்மா கிடந்தபோது, நம் இருவரையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசிவரை கையைத் தொட விடவில்லை.

ஓர் உதவி அப்பா. கண்ணைத் துணியால் மூடினால் வாத்து மிரளாது. இங்கே தரும் துணி ரொம்ப முரடு. அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்றை அனுப்புங்கள்.

ஏரிக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சின்னவன்

புடவையைத் துவைத்துவிடாதீர்கள். அப்படியே அனுப்புங்கள்.