கழுதைப்பால் பற்றி நீ எழுதியதற்கு

சேசு மரி சூசை துணை
தூத்துக்குடி, 14-11-46

அன்பு மகன் ரோச்சுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா காவலில் நானும் உன் அம்மாவும் உன் பெண்சாதி பிளாரன்ஸும் உனக்குப் பிறந்த பிள்ளையும் சுகம், என் வலது முழங்கால் ஒன்றுதான் சுகமில்லை. உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை, சுகம் மிஞ்சியவன்தான் இப்படியொரு கடிதம் எழுதுவான்.

பிளாரன்ஸ்தான் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வரத் தோதில்லை, ஆபீசில் வேலை நெருக்கடி என்று ஒரு வரி. கழுதைக்கு ஒரு முழுப் பக்கம். என் மகனுக்குக் கழுதைப்பால் புகட்டக் கூடாது, காட்டுமிராண்டி வழக்கம், கேட்டால் கொழும்பில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கழுதை மேல் ஏன் இத்தனை கூச்சம் என்று எனக்கு விளங்கவில்லை. நீ அந்தப் பெயரிலேயே வளர்ந்தவன். பள்ளிக்கூடம் போகாமல் கடற்கரையில் திரிந்தபோது ஊர்சுற்றிக் கழுதை. மீசை முளைத்தும் சாப்பிட்ட வட்டிலைக் கழுவாமல் எழுந்தபோது, ஏழு கழுதை வயசாச்சே என்றாள் உன் அம்மா. உன் படிப்புக்காகத் தோணியில் மூட்டை தூக்கிய நான் பொதிக்கழுதை. தோணியில் ஒரு சிப்பம் தண்ணீரில் விழுந்துபோனால், போகுது கழுதை என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தூக்குவோம், அங்கே அந்தச் சொல்தான் எங்களுக்கு ஆறுதல். நீ கொழும்புக்குப் புறப்பட்ட அன்று உன் அம்மா, போய்ச் சேந்ததும் காயிதம் போடுலே கழுதை என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதையும் வசவு என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது, முதல் கடிதம் வர மூன்று மாதம் ஆயிற்று.

கொழும்புக் கோயிலில் உன் பாட்டை எல்லோரும் மெச்சுகிறார்கள் என்று மாதம் தவறாமல் எழுதுகிறாய். அந்தத் தொண்டைக்கு முதன்முதல் சங்கில் புகட்டியது என்ன பால் என்று உன் அம்மாவைக் கேள். மெச்சுகிறவர்களிடமும் மறக்காமல் சொல்.

முழங்கால் சங்கதிக்கு வருகிறேன். விளாத்திகுளத்திலிருந்து கழுதைகளில் கரிமூட்டை கொண்டுவருகிற சங்கரபாண்டியனிடம் பால் கேட்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை குட்டி போட்ட கழுதையோடு வாசலில் வந்து நின்றான். ஆயுசெல்லாம் தோணிக்குப் பின்புறமாகவே ஏறி இறங்கினவன் நான், அதே பழக்கத்தில் கழுதையையும் பின்புறமாகப் போய்ப் பிடித்தேன். விட்டது ஒரு உதை. அவன் கறந்துகொண்டிருந்த பால் தெருவோடு போயிற்று. அண்ணாச்சி இது தோணி இல்ல, முன்னால வாங்க என்று நான் விழுந்த பிறகு சொல்லுகிறான் அவன். மவன் சொல்லுக்குக் கழுதைகூடக் கட்டுப்படுது, நீங்க கட்டுப்படுதேளா என்று உன் அம்மா எண்ணெய் தேய்க்கிறபோதெல்லாம் குத்துகிறாள். நான் கட்டுப்படுவதாக இல்லை. தாயில்லாத பெண் என்று இந்த வீட்டிலேயே பேறு பார்த்தோமே, அந்தப் பிளாரன்ஸும் உன் பக்கம் பேசவில்லை. அவுக நேர்ல வந்து வேண்டாம்னு சொன்னா நானே சங்கைக் கழுவிக் கவுத்திருதேன் மாமா என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகவே கேட்டுக்கொள். வேண்டாம் என்று சொல்லத் தகப்பனுக்கு உரிமை உண்டு. அதைப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொல், கேட்கிறேன். காகிதத்தில் சொன்னால் கேட்க மாட்டேன். ஞானஸ்நானம் இம்மாதக் கடைசி ஞாயிறு. முந்தின நாள் காலையில் சங்கரபாண்டியன் மறுபடியும் வருகிறான், இந்தத் தடவை முன்பக்கமாகப் போவேன். நீ வராவிட்டால் சங்கு நிறையப் புகட்டுவேன். நாளைக்கு உன் மகன் வளர்ந்து, இந்தக் குரல் எனக்கு யார் கொடுத்தது என்று கேட்டால், கழுதை கொடுத்தது என்பேன். உன் தகப்பன் என்ன கொடுத்தான் என்று கேட்டால் ஒரு பக்கக் கடிதத்தை எடுத்துக் காட்டுவேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். வருகிறபோது பிள்ளைக்கு வெள்ளைத் துணி கொண்டுவா, இங்கே ரேஷனில் கிடைப்பது சாக்குக்குத்தான் ஆகும்.

பிடித்த பிடியை விடாத உன் அப்பா,
இன்னாசி