அம்மா பொம்மை எந்தப் பெட்டியில்

பாப்பாரப்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நானும் பாரதியும் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா என்பதை முதலில் தெரிவி. போனில் பேசினால் பாரதி பக்கத்திலேயே இருப்பாள். இதை அவள் எதிரில் சொல்ல முடியாது. லீவுக்கு வந்த கோகிலவாணி வியாழக்கிழமை குவைத் திரும்புகிறாள் என்றார்கள். அவளிடம் கொடுத்தனுப்பவே எழுதுகிறேன்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. மழைக்குப் பிறகு வண்டிகள் வரிசையாக வந்து நிற்கின்றன.

பாரதி பிறந்தநாளுக்கு நீ வாங்கித் தரச் சொன்னாயே, 'குட்டிக் குடும்பம்' பொம்மை, அதுதான் விஷயம். பெட்டியை ஒட்டி மூடி விற்கிறார்கள். உள்ளே யார் என்று தெரியாது. முதலில் அப்பா வந்தது. பிறகு பாப்பா, நாய்க்குட்டி, மறுபடியும் அப்பா. இப்போது நம் அலமாரியில் நான்கு அப்பாக்கள் மீசையோடு நிற்கிறார்கள். அம்மா மட்டும் இல்லை. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, எழுபத்திரண்டு பெட்டிக்கு ஒரு அம்மாவாம். செல்போனைத் திறந்தால் விளம்பரத்தில் ஒரு குழந்தை பெட்டியைக் குலுக்கி, "அம்மா எங்கே? கண்டுபிடி!" என்று குதிக்கிறது.

எனக்குக் கோபம்தான். ஆனால் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிடும் ஆசையும் வந்துவிட்டது. எதிர்க்கடைப் பச்சியப்பனின் நகைத் தராசில் மூன்று பெட்டிகளை நிறுத்தோம். புள்ளி மாறாமல் ஒரே எடை. பிரித்துப் பார்த்தால் நாய்க்குட்டிக்கு அடியில் எடை சரிக்கட்ட அட்டைத் துண்டு! "நகைக்குக்கூட நாங்க இவ்ளோ பாக்கறதில்லப்பா" என்றான் பச்சியப்பன்.

பெட்டியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். எதற்கு அம்மாவை ஒளித்து வைத்தீர்கள் என்று கேட்டேன். "எதைத் தேடுவாங்களோ அதத்தானுங்க சார் கம்மியாப் போடுவாங்க" என்றாள். பிறகு, "எனக்கும் குழந்தை இருக்குங்க. புகாரைப் பதிவு பண்ணிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை சிவக்குமார் தன் பொம்மைக் கடையிலிருந்து கூப்பிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பாரதி அங்கே பதினோரு பெட்டிகளைக் கிழித்திருக்கிறாள். ஓடினேன். தரையில் பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கையை ஓங்கிவிட்டேன், நிர்மலா. "அம்மா எதுல இருக்காங்கன்னு பாத்துட்டு, திரும்ப ஒட்டி வெச்சுடலாம்னுதாம்ப்பா" என்றாள். மடியில் கம் பாட்டில் இருந்தது. என் கை தானாக இறங்கிவிட்டது.

கிழித்ததையெல்லாம் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சிவக்குமார், "இருங்க" என்று சொல்லி, மிச்சமிருந்த பெட்டிகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது போல. ஏழாவது பெட்டியில் அம்மா இருந்தாள். மஞ்சள் முடி, குதிகால் செருப்பு, கையில் சின்னப் பை. பாரதி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அவரிடமே நீட்டி, "இது இல்லீங்க" என்றாள்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் என் முதுகில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "குவைத்ல அம்மா பாத்துக்கற பாப்பா அழுதா, அம்மா ஒடனே போவாங்களாப்பா?" வண்டிச் சத்தத்தில் காதில் விழாததுபோல இருந்துவிட்டேன்.

இனிப் பொம்மை வேண்டாம். அவளும் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று சொன்னாய். போடாதே என்று நான் சொல்ல மாட்டேன்; நீ படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒருநாள், அந்த வீட்டார் தூங்கிய பிறகு இல்லாமல், பகலிலே எங்களைக் கூப்பிடு. வெளிச்சத்தில் உன் முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
மாதப்பன்.