அண்ணா அனுப்பிய மருந்து

சாமராஜபுரம், மைசூரு
சனிக்கிழமை

அண்ணாவுக்கு, உங்கள் தம்பி சேஷுவின் அகத்துக்காரி ஸரஸா தண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மன்னிக்கு முழங்கால் வலி தேவலையா? மலைப்படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் கேட்கவா போகிறார்!

வருகிற புதன்கிழமை அப்பாவின் ச்ராத்தத்துக்கு இவரை மேல்கோட்டைக்கு அழைத்து வரச்சொல்லி நேற்று போன் செய்தீர்கள். ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் இவரை அந்த மணையில் உட்கார வைக்க முடியாது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் சொன்ன பிறகு நீங்கள் பேசாமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது. பக்கத்து வீட்டு சைத்ரா திங்கட்கிழமை கோயிலுக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நன்றாக நடக்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். மின்வாரிய ஜீப் இன்னும் வரவில்லையே என்று காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். ரிடையர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குத் தினமும் பதில் வணக்கம் சொல்கிறார். நான் சிரிக்கிறேன், அப்புறம் சமையலறைக்குப் போய் அழுகிறேன்.

இந்த இரண்டு வருஷத்தில் நான் கொடுக்காதது என்ன? தினமும் ஒந்தெலக சட்னி. நாம் வல்லாரை என்போமே, அதேதான். நீங்கள் அனுப்பிய பிராமி நெய், பாலில் அமுக்கராப் பொடி, ஊற வைத்த வால்நட். ரத்தத்தில் பி-12 குறைவு என்று ஊசியும் போட்டாயிற்று. யார் எதைச் சொன்னாலும் வாங்கினேன். வீடு நாட்டு மருந்துக் கடை மாதிரி நாறுகிறது.

மாசி மாதம் மெல்போர்னிலிருந்து பல்லவி ஒரு பெரிய டப்பா அனுப்பினாள். மஞ்சளாக, கண்ணாடி போலக் குளிகைகள். மூளைக்கு நல்லதாம்மா, அப்பாவுக்குத் தினம் இரண்டு கொடு என்றாள். உங்கள் தம்பியை உங்களுக்குத் தெரியாதா? டைபாய்டில் கிடந்தபோதுகூட, இந்தக் காப்ஸ்யூல் கூடு எதில் செய்தது என்று டாக்டரையே குறுக்கு விசாரணை பண்ணி, வேறு மாத்திரை எழுதி வாங்கியவர். முட்டை போட்டிருப்பார்கள் என்று மகள் பிறந்த நாளில் கேக்கைத் தொடாதவர். அந்தக் கேள்வியெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சைத்ரா டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிற பெண். ஆன்ட்டி, இது மீன் எண்ணெய், உங்கள் வீட்டில் இதெல்லாம் ஆகுமா என்றாள். தெரியாமல் கொடுத்த அந்த இரண்டு மாதத்தைப் பெருமாள் மன்னித்திருப்பார் அண்ணா. அதற்குப் பிறகு ஐந்து மாதம் தெரிந்தே கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் இவர் என்னைப் பார்த்து, நேரமாயிற்று, நீங்கள் கிளம்புங்கோ அம்மா, எங்காத்துக்காரி வந்துடுவா என்று சொல்லியிருந்தார். மூன்று வாரம் என்னை யாரோ என்றுதான் நடத்தினார். அவள் வந்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று என்னிடமே அடம். பிறகு ஒரு நாள் காலையில், ஸரஸா, காப்பியில் சர்க்கரை போடலையே என்றார். தம்ளரை வைத்துவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். சைத்ரா மீன் என்று சொன்னது அதற்கு நாலாம் நாள். அந்த டப்பாவை எப்படித் தூக்கி எறிவேன், சொல்லுங்கள். இன்னொரு தரம் என் பேரைச் சொல்ல மாட்டாரா என்ற பேராசைதான். வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

இதைவிடப் பெரிய பாவம் ஒன்று உண்டு. குளிகையைக் கண்டால் சில நாள் வாயை இறுக மூடிக்கொள்வார். அப்போதெல்லாம், அண்ணா மேல்கோட்டையிலிருந்து கொடுத்தனுப்பினது என்று சொன்னேன். உடனே வாயைத் திறந்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கிய நாளும் உண்டு. உங்கள் பேரைச் சொல்லித்தான் அண்ணா அதை உள்ளே அனுப்பினேன்.

போன மாதம் எல்லா டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு ஞாபக மறதி டாக்டரம்மாவிடம் போனேன். பி-12 குறைவாக இருந்தது, அதனால் அந்த ஊசி சரி. மற்றதெல்லாம் போன ஞாபகத்தைத் திருப்பிக் கொண்டுவரும் என்று நம்ப வேண்டாம் என்றார். என் பேரைச் சொன்னாரே என்றேன். இந்த வியாதியில் நல்ல நாள், கெட்ட நாள் தானாகவே வரும், எண்ணெயால் வந்ததில்லை என்றார். அன்றோடு நிறுத்திவிட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லாமல் அவருடைய ஆசாரத்தைக் கெடுத்தேன். பல்லவியைத் திட்டாதீர்கள். அவள் டப்பியில் ஒமேகா என்று பார்த்தாள், மேற்கொண்டு யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியவள் நான்.

பஞ்சகவ்யமோ, வேறு பிராயச்சித்தமோ, எதைச் சொன்னாலும் செய்கிறோம். நான் தளிகை செய்யும் அடுப்புப் பக்கமே வரவில்லை. உள்ளே வர வேண்டாம் என்றால் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். இவரை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எப்படியும் மறந்துவிடுவான் என்று நினைப்பீர்கள். என்ன சொன்னார்கள் என்பது மறந்துவிடும் அண்ணா, ஆனால் அன்று முழுக்க முகம் வாடியே கிடக்கும். யார் தன்னை வேண்டாம் என்றார்கள் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

என் பேர் அந்த ஒரு காலையோடு சரி. உங்கள் பேர் தினமும் வாயில் இருக்கிறது. இதை எழுதும்போதுகூட, அண்ணா கூப்பிட்டாரா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். கூப்பிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

அடியேன்,
ஸரஸா